பூத்துக் காய்க்கும் தக்காளிச் செடியில் பெரிய இலைகளைக் கழிக்கலாமா?

மாடித் தோட்டத்தில் தக்காளி வைத்திருப்பவர்களுக்கு முதல் பூங்கொத்து விரியும் வாரத்தில் தவறாமல் ஒரு சந்தேகம் எழும். செடி இடுப்பளவு வளர்ந்து, முழங்கை நீளமுள்ள இலைகளை நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் நிழலில் மஞ்சள் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். இந்தப் பெரிய இலைகள்தாம் சத்தையெல்லாம் இழுத்துக்கொள்கின்றன, இவற்றைக் கழித்துவிட்டால் அத்தனையும் பூவுக்கும் பிஞ்சுக்கும் போய்ச் சேரும் என்று பக்கத்து மாடிக்காரர் சொல்வார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையை நம்பி, ஒரே மாலையில் செடியை மொட்டையடித்துவிடுபவர்கள் பலர்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலமாக இருக்கும் ஓர் இலையை, அது பெரியது என்ற ஒரே காரணத்துக்காக, பூக்கும் பருவத்தில் எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டிய இலைகள் உண்டு. ஆனால் அவை எவை என்பதைத் தீர்மானிப்பது அளவு அன்று, செடியில் அவை இருக்கும் இடமும், அவற்றின் வயதும், உடல்நலமும்தான்.

இலை சத்தைத் தின்பதில்லை, சத்தை உண்டாக்குகிறது. தக்காளியின் வேர் மண்ணிலிருந்து எடுப்பது நீரும் தாது உப்புகளும் மட்டுமே. காயை நிரப்பும் சர்க்கரை முழுவதும் பச்சை இலையில், வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு தயாராகிறது. ஓர் இலையின் வாழ்நாளை வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நுனியில் பிறக்கும் குருத்திலை தன் வளர்ச்சிக்கு வேண்டிய சர்க்கரையை மற்ற இலைகளிடமிருந்தே பெறுகிறது. முழு அளவில் பாதியை நெருங்கும்போதுதான் அது வாங்குவதை நிறுத்திக் கொடுக்கத் தொடங்குகிறது. முழுதாக விரிந்து வெயிலில் நிற்கும் நாட்களில் அதன் உபரி உச்சத்தில் இருக்கும். பிறகு மேலே புதிய இலைகள் வந்து அதை நிழலில் தள்ளும்போது வரவு படிப்படியாகச் சுருங்கி, கடைசியில் தன் மூச்சுக்குச் செலவழிப்பதற்கே சரியாகிவிடும். ஆக, நம் கண்ணில் ஆக்கிரமிப்பாளராகப் படும் அந்த அகன்ற நடுத்தண்டு இலைதான் பெரும்பாலும் செடியிலேயே அதிகமாகச் சம்பாதிப்பது. அடியில் நிழலில் வெளிறிக் கிடக்கும் இலைதான் வேலையை முடித்துக்கொண்டது.

இலை உண்டாக்கும் சர்க்கரை எங்கே போகிறது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மேல் இலைகள் பெரும்பாலும் நுனியை வளர்க்கின்றன. நடு இலைகள் தமக்கு அருகிலுள்ள காய்க்கொத்துகளை நிரப்புகின்றன. அடி இலைகளின் பங்கு முக்கியமாக வேருக்கு இறங்குகிறது. ஒரு கொத்தை ஒட்டியிருக்கும் இலைகளை எடுத்துவிட்டால் அந்தக் கொத்துக்குத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது காய்கள் சிறுத்துப்போகும், சுவையும் சப்பென்று ஆகும். பூ விரிந்ததிலிருந்து பழம் சிவக்க ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்பதால், இன்று செய்த கழிப்பின் விலை நமக்குத் தெரியவருவதற்குள் காரணமே மறந்துபோயிருக்கும். இந்தத் தவறான யோசனை இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த யோசனை முழுக்க ஆதாரமில்லாமல் வந்ததும் அன்று. மல்லிகையில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, பழைய இலைகளையும் உதிர்த்துவிட்டால் கோடையில் பூத்துக் குலுங்குவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் மல்லிகை புதிய துளிரில்தான் மொட்டு வைக்கும். கவாத்து அந்தத் துளிரை வரவழைக்கிறது. தக்காளியில் நாம் இலை கழிக்கும் நேரத்தில் மொட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டன. இனி வேண்டியது அவற்றை நிரப்பும் உணவு. ஒரு பயிரின் பழக்கத்தை இன்னொன்றின் மேல் ஏற்றுவதால் வரும் குழப்பம் இது.

இன்னொரு மூலம், நெதர்லாந்து முதலிய நாடுகளின் கண்ணாடிக் கூடங்களைக் காட்டும் காணொளிகள். அங்கே தக்காளித் தண்டுகள் கம்பியில் பல மீட்டர் நீளத்துக்கு ஏற்றப்பட்டிருக்கும். அடிப்பகுதி முழுவதும் இலையே இல்லாமல் வெறுந்தண்டாக, பழுத்த கொத்துகள் மட்டும் தொங்கும். அதைப் பார்த்து அவர்கள் எல்லா இலைகளையும் எடுத்துவிடுகிறார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று இலைகள் வீதம், பழுத்துக்கொண்டிருக்கும் கொத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டுமே எடுக்கிறார்கள். அதே வாரத்தில் மேலே ஏறக்குறைய அத்தனை புதிய இலைகள் வந்துவிடும். செடியின் தலையில் சுமார் பதினைந்து இலைகள் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதோடு, அங்கே வெயில் மென்மையானது, காயின் மேல் நேராகப் பட்டாலும் சுடாது. சிமெண்டுத் தளத்தின் அனல் கீழிருந்தும் சூரியன் மேலிருந்தும் தாக்கும் நம் மாடிக்கு அந்த வெறுந்தண்டு பொருந்தாது.

கத்தரியைக் கையில் எடுக்குமுன் உங்கள் செடி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். தக்காளியில் ஒரு வகை குட்டையாகப் புதர்போல வளர்ந்து, ஒவ்வொரு கிளையின் நுனியும் பூங்கொத்தில் முடிந்து, அதோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து திடீர் மாற்றம் மூலம் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 இந்த வகையைச் சேர்ந்தது. இதில் ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையே ஓரிரண்டு இலைகள்தாம் இருக்கும். எடுத்த இலைக்கு ஈடாகப் புதியது வருவதும் குறைவு. ஆகவே புதர் வகையில் மண்ணைத் தொடும் இலையையும் நோயுற்ற இலையையும் தவிர எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. பக்கக் கிளைகளைக்கூடக் கிள்ள வேண்டாம், காய்ப்பே அவற்றில்தான் இருக்கிறது.

மற்றது கொடி வகை. செர்ரித் தக்காளிகளில் பெரும்பாலானவையும் பசுமைக் குடில் ரகங்களும் இதில் அடங்கும். மூன்று இலைக்கு ஒரு கொத்து என்ற கணக்கில், குச்சியோ கயிறோ கொடுத்தால் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். இலை கழித்தல் என்ற பேச்சுக்கு உண்மையில் இடமிருப்பது இந்த வகையில்தான். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்‌ஷக் போன்றவை இரண்டுக்கும் நடுவே நிற்பவை. அவற்றைப் புதர் வகையைப் போலவே நடத்திவிட்டு, அடி இலைகளில் மட்டும் சற்றுத் தாராளமாக இருக்கலாம்.

எடுக்க வேண்டியவற்றில் முதலாவது, மண்ணைத் தொடும் இலைகளும், மண்ணிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரத்துக்குள் தொங்கும் இலைகளும். செடி இரண்டு மூன்றடி உயர்ந்து முதல் கொத்தில் பிஞ்சு பிடித்த பிறகு இவற்றை ஒவ்வொன்றாக எடுக்கலாம். காரணம் சத்து அன்று, நோய். முன்பருவ இலைக்கருகல் என்னும் பூஞ்சாண நோயின் வித்துகள் மண்ணிலும் காய்ந்த சருகிலும் தங்கியிருந்து, மழைத்துளியோ நாம் ஊற்றும் நீரோ தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறும். இலையில் பழுப்புப் புள்ளி தோன்றி, அதற்குள் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் தெரியும். சுற்றி மஞ்சள் பரவும். அங்கிருந்து படிப்படியாக மேல் இலைகளுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இந்த அடிக்கழிப்பைச் செய்து, செடி வளரும் பையின் மேல்மண்ணைச் சருகாலோ வைக்கோலாலோ மூடாக்கிட்டால் பாதி நோய் வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, முழுதாக மஞ்சளாகிவிட்ட முதிர்ந்த இலை. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். செடி ஓர் இலையைக் கைவிடும் முன் அதிலுள்ள தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவற்றை உருவி, மேலே வளரும் பகுதிக்கு அனுப்பிவிடும். வெளிறத் தொடங்கிய அன்றே ஒடித்துவிட்டால் அந்தச் சத்து நம் குப்பைக்கூடைக்குப் போகும். நோய்ப்புள்ளி இல்லாத இலையாக இருந்தால் முழுக்க மஞ்சளாகும் வரை விட்டுவைக்கலாம். அடி இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் அது பெரும்பாலும் மெக்னீசியக் குறைவு. தென்னை நார்க்கழிவு அதிகமாகக் கலந்த பைகளில் இது அடிக்கடி வரும். அதற்கு மருந்து எப்சம் உப்பே தவிர, கத்தரி அன்று. இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி, செடியும் சோம்பலாக நின்றால் தழைச்சத்தைப் பாருங்கள். குறையைச் சரிசெய்யாமல் மஞ்சள் இலைகளை மட்டும் பறித்துக்கொண்டே போனால், செடி அடுத்த இலையிலிருந்து உருவத் தொடங்கும்.

மூன்றாவது, கொடி வகையில், நிறம் மாறத் தொடங்கிவிட்ட கொத்துக்குக் கீழே உள்ள இலைகள். அந்தக் கொத்துக்குச் சேர வேண்டிய சர்க்கரை ஏறக்குறையச் சேர்ந்துவிட்டது. கீழே உள்ள இலைகளும் நிழலில் கிடக்கின்றன. அவற்றை எடுத்தால் காற்று ஊடாடும், ஈரம் சீக்கிரம் உலரும், வெள்ளை ஈக்கள் ஒளிந்து பெருகும் இடமும் குறையும். இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் செதில் செதிலாக ஒட்டியிருக்கும் முதிர்ந்த இலைகளைக் கழிப்பது, எந்தத் தெளிப்பையும்விட நேரடியான பயன் தரும்.

இந்த மூன்றிலும் சேராத ஆரோக்கியமான இலை ஒரு பூங்கொத்தை மறைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? மறைக்கட்டும் என்பேன். தக்காளிப் பூ காயாவதற்கு வெயில் அதன் மேல் நேராகப் பட வேண்டிய அவசியமில்லை. பழம் சிவப்பதற்கும் வெளிச்சத்தைவிட வெப்பநிலைதான் முக்கியம். பழத்துக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்னும் நிறமி 20 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பத்தில் நன்றாக உண்டாகும். 30 டிகிரியைத் தாண்டினால் அது குறைந்து, மஞ்சள் நிறமி மட்டும் மிஞ்சும். வெயில் நேராகப் படும் காயின் தோல், சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகச் சூடேறும். சித்திரை, வைகாசியில் மேல் இலைகளைக் கழித்த செடிகளில் பழத்தின் காம்புப் பக்கம் மஞ்சளாகவே நின்றுவிடுவதும், வெயில் பார்த்த பக்கத்தில் தோல் வெளுத்து, தாள்போல மெலிந்து குழிவிழுவதும் இதனால்தான். அந்தக் குழியில் பிறகு கருப்புப் பூஞ்சாணம் குடியேறும். ஒருமுறை வெந்த காய்க்கு மறுபடி இலையைப் பொருத்த முடியாது. நிழல்வலை கட்டுவது ஒன்றே வழி.

பூக்கொத்து இலைக்கும் தண்டுக்கும் இடையில் சிக்கி நசுங்கிக்கொண்டிருந்தால், இலையை எடுக்காமல் மெல்ல விலக்கி, வாழைநாரால் வேறு பக்கம் இழுத்துக் கட்டிவிடலாம். அதுவும் முடியாவிட்டால் முழு இலைக்குப் பதில் அதன் நுனிப் பாதியை மட்டும் வெட்டுங்கள். தக்காளி இலை பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை. இரண்டு சிற்றிலைகளை இழந்தாலும் மிச்சம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

செடி அடர்ந்துவிட்டது என்று மனம் உறுத்தினால், இலையை விட்டுவிட்டு இலைக்கக்கத்தைப் பார்க்க வேண்டும். கொடி வகையில் ஒவ்வோர் இலைக்கும் தண்டுக்கும் இடையிலிருந்து ஒரு பக்கத் துளிர் கிளம்பும். வாங்கித் தின்பவை என்ற பழி உண்மையில் பொருந்துவது இவற்றுக்குத்தான். விட்டால் ஒவ்வொன்றும் ஒரு தனிச் செடியாகி, தனக்கென இலையும் பூவும் வைத்து, பையிலுள்ள சொற்ப மண்ணுக்குப் போட்டியிடும். விரல் நீளம் வருமுன் இரு விரல்களால் கிள்ளிவிட்டால் காயம் கடுகளவுதான். முதல் கொத்துக்குக் கீழே உள்ள ஒரே ஒரு வலுவான துளிரை விட்டுவைத்து இரட்டைத் தண்டாக வளர்ப்பது, பெரிய பை வைத்திருப்பவர்களுக்கு ஒத்துவரும்.

இனி, கழிக்கும் முறை. மழையும் மூட்டமும் இல்லாத ஒரு நாளில், இலைகளின் மேல் பனியீரம் உலர்ந்த பிறகு, காலை எட்டு ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் இலைக்காம்பு நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால் சுத்தமாக ஒடியும். காயமும் அன்றைய வெயிலிலேயே உலர்ந்து மூடிக்கொள்ளும். மாலையில் ஒடித்தால் காயம் இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கும். தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலேயே வைத்து, முதலில் மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளுங்கள். சடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு கீழ்நோக்கி அழுத்தினால் இலை கையோடு வந்துவிடும். நேராகக் கீழே இழுத்தால் காம்போடு சேர்ந்து தண்டின் பச்சைத் தோலும் நாடாவாக உரியும்; அந்த நீளமான புண் ஆற நாளாகும். காம்பு தடித்து முற்றியிருந்தால் கூர்மையான கத்தரியால் தண்டை ஒட்டி வெட்டுங்கள். அரை அங்குலக் குச்சியை விட்டுவைத்தால் அது அழுகி, அழுகல் தண்டுக்குள் இறங்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களின் பசுமைக் குடில்களில் சாம்பல் பூஞ்சாணம் நுழைவதற்கு இந்தக் குச்சியே போதும்.

ஒரு தடவைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று இலைகள். அடுத்த கழிப்பு ஒரு வாரம் கழித்து. நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட செடியிலும் இந்த அளவைத் தாண்ட வேண்டாம். நான்கைந்து செடிகள் முடிந்ததும் விரல்களைப் பாருங்கள்: இலையின் நுண்மயிர்களிலிருந்து வந்த பிசின் படிந்து பச்சையும் கருப்புமாக இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் மஞ்சள் நீராக ஓடும். அந்தப் பிசினோடு நோயும் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகக்கூடும் என்பதால், கழுவுவதை இறுதிவரை தள்ளிப்போடாமல் சந்தேகத்துக்குரிய செடியைத் தொட்டவுடன் செய்ய வேண்டும். தேமல் நச்சுயிரியும் பாக்டீரியா நோய்களும் கை வழியாகவும் கத்தரி வழியாகவும் பரவுபவை. புகைப்பவர்களும் புகையிலை போடுபவர்களும் கை கழுவாமல் தக்காளியைத் தொடக் கூடாது, ஏனென்றால் புகையிலையைத் தாக்கும் தேமல் நச்சுயிரி இதையும் தாக்கும். கத்தரியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள செடியை எப்போதும் கடைசியில் தொடுங்கள்.

கழித்த இலைகளில் நலமானவை மட்கு உரத்துக்குப் போகலாம். புள்ளி விழுந்தவை மூடிய பையில் கட்டிக் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஆடு வளர்ப்பவர்கள் அள்ளிப் போட்டுவிட வேண்டாம். தக்காளி இலையில் உள்ள டொமாட்டின் என்னும் நச்சு, அளவு மிஞ்சினால் கால்நடைக்கு ஆகாது.

கழிப்புக்குப் பிறகு நீரின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இலைகள்தாம் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. அவை குறைந்தால் பையின் ஈரம் அதிக நேரம் நிற்கும். பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் வேர் மூச்சுத் திணறுவதோடு, பழுக்கும் காய்களும் வெடிக்கும். இன்னொன்று: கழித்த சில நாட்களில் மீதமுள்ள அடி இலைகள் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, தொட்டால் தோல்போல இருக்கலாம். இதை இலைச்சுருட்டு நச்சுயிரி என்று பயந்து அந்த இலைகளையும் பறித்துவிடுகிறார்கள். வெப்பத்தாலும் கழிப்பாலும் வரும் சுருளல் அடியில் தொடங்கும், இலை பச்சையாகவே இருக்கும், காய்ப்பையும் அவ்வளவாகப் பாதிக்காது. வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரியோ நுனிக்குருத்தில் தொடங்கும், புதிய இலைகள் சிறுத்து, மஞ்சளித்து, கிண்ணம்போல மடங்கும், செடியும் குன்றிவிடும். அப்போது இலையைக் கழிப்பதால் பயனில்லை, செடியையே பிடுங்க வேண்டும்.

பூ கொட்டுகிறதே என்று இலையைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருக்கும் நாட்களில் மகரந்தம் செயலிழப்பதால் பூ காம்போடு உதிர்ந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் சென்னை மாடியில் எத்தனை இலையை எடுத்தாலும் அது நிற்காது. வெப்பம் அடங்கியிருக்கும் பருவத்திலும் உதிர்ந்தால், காலை வேளையில் பூக்கொத்தைச் சுண்டிவிட்டுப் பாருங்கள். தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி; காற்றோ தேனீயோ வந்து ஆட்டாத மூலையில் நம் விரல்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தழைச்சத்தை அதிகமாகக் கொடுத்ததாலும் இலை பெருத்துப் பூ குறையும். அப்போது குறைக்க வேண்டியது உரத்தை.

கத்தரியிலும் மிளகாயிலும் இந்தக் கேள்விக்கு அதிக இடமில்லை. கத்தரியில் புழுவும் வண்டும் சல்லடையாக்கிய அடி இலைகளை எடுத்தால் போதும். மிளகாயில் அதுவும் வேண்டாம்.

என் பேச்சில் நம்பிக்கை வராதவர்கள், ஒரே நாளில் நட்ட ஒரே ரகச் செடிகளில் இரண்டை அருகருகே வைத்து, ஒன்றில் விருப்பம்போலப் பெரிய இலைகளைக் கழித்து, மற்றதில் மேலே சொன்னவற்றை மட்டும் எடுத்து, பழங்களைப் பருவம் முடியும்வரை தனித்தனியே எடைபோட்டு எழுதி வரட்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். எடையையும் பாருங்கள், இரண்டையும் தின்றும் பாருங்கள்.

கொடி வகையில், பருவம் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது இன்னொரு வெட்டு உண்டு. அதற்குப் பின் விரியும் பூக்கள் எப்படியும் பழமாகப் போவதில்லை. ஆகவே கடைசியாகப் பிஞ்சு பிடித்த கொத்துக்கு மேலே இரண்டு இலைகளை விட்டு, நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அந்த இரண்டு இலைகளைச் சேர்த்து எடுத்துவிடாதீர்கள்; மேல் கொத்தை நிரப்புவதும், அதற்குக் குடை பிடிப்பதும் அவைதாம்.